மதுரை வீடுகளில் மொட்டை மாடி சோலார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதனால் இங்கே வீட்டு சோலார் லாபமா நட்டமா என்பதை வெயில் தீர்மானிப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணமும் மாடியில் விழும் நிழலும்தான் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள கணக்குகள் மாநகராட்சி எல்லைக்குள் கான்கிரீட் மாடி உள்ள தனி வீட்டை மனதில் வைத்துப் போட்டவை.

ஒரு கிலோவாட் சோலார் மதுரையில் எவ்வளவு மின்சாரம் தரும்?

ஆண்டு சராசரியாக நாளொன்றுக்கு சுமார் 4 யூனிட். ஆண்டுக்கு 1,400 முதல் 1,500 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். இது நிழலில்லாத, ஓரளவு துடைத்து வைத்த பேனலுக்கான கணக்கு. பிப்ரவரி, மார்ச்சில் 4.5-ஐத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க அடைமழை பிடித்தால் ஒரு யூனிட்டோடு நின்றுவிடும். "ஒரு கிலோவாட் தினமும் 6 யூனிட் தரும்" என்று எழுதிக் கொடுக்கும் விற்பனையாளரின் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

அக்னி நட்சத்திரத்தில்தானே அதிகம் கிடைக்க வேண்டும்? மே மாதம் ஏன் குறைகிறது?

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்கு எதிரி. பேனலின் வாட் அளவு, சிலிக்கான் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மே மாத நண்பகலில் மொட்டை மாடியில் செல்லின் சூடு 60, 65 டிகிரிக்குப் போகும். மோனோ பெர்க் வகைப் பேனல் 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் இழக்கும். 65 டிகிரியில் இழப்பு 14 சதவீதம். டாப்கான் வகையில் இது டிகிரிக்கு 0.3 சதவீதம் அளவில்தான். விலை வித்தியாசம் சிறிதென்றால் மதுரைக்கு டாப்கான் நல்ல தேர்வு.

பேனலின் அடியில் காற்று ஓடினால் சூடு குறையும். தளத்தோடு ஒட்டிப் படுக்க வைத்த பேனலைவிட, நாலு கால் ஊன்றி உயர்த்திய பேனல் அதிகம் தருவதற்கு இதுதான் காரணம்.

3.3 கிலோவாட் பேனல் போட்டிருக்கிறேன். நண்பகலில் 2.6 கிலோவாட்டைத் தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. சூட்டில் 12 முதல் 14 சதவீதம் போகும். பேனலின் நேர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் இரண்டு மூன்று சதவீதம், ஒயரிலும் தூசியிலும் இன்னும் கொஞ்சம் போகும். தெளிந்த வானத்தில் 2.5 முதல் 2.7 வரை வந்தால் அமைப்பு ஆரோக்கியமாக இருக்கிறது. மேகம் விலகும் கணத்தில் சில விநாடிகள் 3-ஐத் தாண்டுவதும் உண்டு. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தினமும் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

உச்ச வாட்டைவிட நாள் மொத்தம்தான் நம்பகமான அளவு. மார்ச் மாதத் தெளிந்த நாளில் 3.3 கிலோவாட் அமைப்பு 14 முதல் 16 யூனிட் தர வேண்டும். தொடர்ந்து 11-க்குக் கீழே இருந்தால் எங்கோ நிழலோ, அழுக்கோ, தளர்ந்த இணைப்போ இருக்கிறது.

எனக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்?

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். "பில் ஜீரோ ஆக வேண்டும்" என்று ஆரம்பிக்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். அந்த நூறையும் சோலாரில் உற்பத்தி செய்தால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

நெட் மீட்டரிங் முறையில், நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து கழித்து, மீதிக்குத்தான் படிநிலைக் கட்டணம் போடுகிறார்கள். ஆகவே சோலார் முதலில் வெட்டுவது உங்கள் பில்லின் தலையை, அதாவது விலை அதிகமான யூனிட்டுகளை. 500-ஐத் தாண்டிய படிநிலைகளில் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 800-க்கு மேல் போனால் 10 ரூபாய்க்கும் மேல். அதோடு 500-ஐத் தாண்டுகிறவர்களுக்கு 101–200 படியின் சலுகை விலையும் கிடையாது. 500-க்குள் இறங்கினால் அது திரும்பக் கிடைக்கும்.

இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏசி, ஃப்ரிட்ஜ், மோட்டார் உள்ள வீடு. 550 வாட் பேனல் நான்கு போட்டால் 2.2 கிலோவாட், 60 நாளில் சுமார் 530 யூனிட். மீதி 370-க்குத்தான் பில். இதனால் மிச்சமாவது ஒரு பில்லுக்குத் தோராயமாக 4,900 ரூபாய். இன்னும் இரண்டு பேனல் சேர்த்து 3.3 கிலோவாட் ஆக்கினால் உற்பத்தி 790, மீதி 110. கூடுதலாக மிச்சமாவது 1,000 ரூபாய் அளவுதான். ஐந்து கிலோவாட் போட்டால் 1,200 யூனிட் வரும். அதில் 300 யூனிட்டுக்கு வீட்டில் வேலையே இல்லை.

இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்த, கடந்த ஓராண்டின் ஆறு பில்லையும் எடுத்து வையுங்கள். ஏப்ரல்–மே, ஜூன்–ஜூலை பில்லை மட்டும் பார்த்து முடிவு செய்தால் பெரிதாக வாங்கிவிடுவீர்கள். கட்டண விகிதம் அவ்வப்போது மாறும் என்பதால் உங்கள் கடைசி பில்லில் உள்ள விலையை வைத்தே பெருக்குங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்தான். போடலாமா?

அவசரமில்லை. உங்கள் பில்லே 700 ரூபாய் அளவில்தான் இருக்கும். ஒரு கிலோவாட் போட்டு அதை முழுக்க மிச்சப்படுத்தினாலும் போட்ட பணம் திரும்பப் பத்தாண்டு ஆகலாம். சிறிய அமைப்பில் கிலோவாட்டுக்கான விலையும் கூடுதல். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து, 75 வாட் பழைய ஃபேன்களை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன்களாக மாற்றுவது இப்போதைக்கு நல்ல முதலீடு. ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் வந்தால் கணக்கை மறுபடி போடுங்கள்.

மானியம் எவ்வளவு?

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. மூன்றுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000-தான் உச்சம். அடுக்குமாடிச் சங்கங்களின் பொது மின் உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000.

பேனல்களின் மொத்தம், இன்வெர்ட்டர் இவற்றில் எது குறைவோ அதை வைத்தே மானியம் கணக்கிடுவார்கள். 3.3 கிலோவாட் பேனலும் 3 கிலோவாட் இன்வெர்ட்டரும் என்றால் மூன்றுக்கான தொகை. செல்லும் பேனலும் இந்தியாவிலேயே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை டி.சி.ஆர். பேனல் என்பார்கள். டி.சி.ஆர். அல்லாத பேனல் விலை குறைவுதான், ஆனால் மானியம் போய்விடும். கொட்டேஷனில் அந்த மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

கையிலிருந்து எவ்வளவு ஆகும்?

மூன்று கிலோவாட்டுக்குச் சந்தை விலை தோராயமாக ஒன்றே முக்கால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்குள். மானியம் போக ஒரு லட்சம் முதல் ஒன்றேகால் லட்சம் வரை. மானியம் பின்னால்தான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் முழுத் தொகையும் முதலில் தேவை. பொதுத்துறை வங்கிகள் இதற்கென்றே பிணையில்லாக் கடன் தருகின்றன. வழக்கமான தனிநபர் கடனைவிட வட்டி மிகக் குறைவு. சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விகிதத்தில் போட்ட கொட்டேஷனைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

மாடியில் எவ்வளவு இடம் வேண்டும்? எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

550 வாட் பேனல் ஒன்று சுமார் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை. ஆறு பேனலுக்கு மட்டும் 170 சதுர அடி. நடக்க, துடைக்க இடம் விட்டால் 250 முதல் 300 சதுர அடி.

மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. தெற்கு பார்த்து 10 முதல் 12 டிகிரிச் சாய்வு போதும். வடமாநிலக் காணொளிகளைப் பார்த்து 25 டிகிரி வைக்கச் சொல்லாதீர்கள். காற்று அதிகம் பிடிக்கும், உற்பத்தியும் குறையும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. சாய்வு குறைவாக இருந்தால் அந்த மாதங்களும் வீணாகாது. கிழக்கு, மேற்கு பார்த்த மாடி என்றாலும் பத்து டிகிரிச் சாய்வில் இழப்பு சில சதவீதம்தான். "தெற்கு வாசல் இல்லையே" என்று யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை.

தண்ணீர்த் தொட்டி நிழல் கொஞ்சம்தான் விழுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒரு சரத்தில் உள்ள பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருக்கின்றன. நிழல் பட்ட பேனலின் மின்னோட்டம் விழுந்தால், அந்தப் பகுதியை விட்டு மின்சாரம் சுற்றிப் போக பைபாஸ் டையோடு என்ற சிறு பாகம் வழிவிடும். பேனலில் மூன்று டையோடு இருப்பதால் கையளவு நிழலுக்கே பேனலின் மூன்றில் ஒரு பங்கு போகலாம்.

டிசம்பரில் எது எங்கே நிழல் போடுகிறது என்று பார்த்துத்தான் இடம் குறிக்க வேண்டும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே 33 டிகிரி சாய்ந்திருக்கும். பேனல் மட்டத்துக்கு மேல் 6 அடி உயர்ந்த தொட்டியோ மாடிப்படி அறையோ வடக்கே 4 அடி நிழல் போடும். காலை 9 மணிக்கு அதே நிழல் வடமேற்கே கிட்டத்தட்ட 10 அடி நீளும். ஜூனில் நிலைமை தலைகீழ், நண்பகல் நிழல் தெற்கே ஒன்றரை அடி. எனவே மாடிப்படி அறைக்குத் தெற்கே பேனல் வைப்பதே பத்திரம். வடக்கே வைத்தே தீர வேண்டுமானால் தொட்டியை மாற்றுங்கள், அல்லது பேனலை உயர்த்துங்கள். நண்பகல் என்பதும் 12 மணி அல்ல. மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது நாளைப் பொறுத்து 12 முதல் 12:30-க்குள்.

தென்னை ஓலை, டி.வி. டிஷ், துணிக்கொடி இவையெல்லாம் கணக்கில் சேரும். மாசி வீதிகளைச் சுற்றிய குறுகிய மனைகளில் பக்கத்து லாட்ஜின் சுவரே காலை வெளிச்சத்தை மறைக்கும். அங்கே நாலு மணி நேரம்கூட நேர் வெளிச்சம் இல்லையென்றால் விட்டுவிடுவது நல்லது. பக்கத்து மனை காலியாக இருந்தால், நாளை அங்கே மாடி எழும் என்று வைத்தே யோசியுங்கள்.

மாடி ஒழுகுமா? காற்றில் பறந்துவிடுமா?

கான்கிரீட் தளத்துக்கு எடை ஒரு பொருட்டல்ல. பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டமான ஸ்ட்ரக்சரோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 20 கிலோ அளவுதான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பேனல் ஒரு பாய்மரம். இந்தியக் கட்டடத் தரவிதி மதுரைக்குக் குறித்த அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். ஸ்ட்ரக்சர் அதைத் தாங்கும்படி வடிவமைத்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒழுகல் வருவது பெரும்பாலும் தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்குவதால். தட்டோட்டின் மேலேயே நங்கூரம் போட்டால் பிடிப்பும் இருக்காது, தண்ணீரும் இறங்கும். கால் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டை எடுத்து, கான்கிரீட்டில் கெமிக்கல் ஆங்கர் இறக்கி, அதன்மேல் ஒரு அடிக்கு ஒரு அடி பெடஸ்டல் போட்டு, ஓரத்தை வாட்டர்ப்ரூஃப் செய்வது சரியான முறை. இரும்பு, ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும். வெல்டிங் அடித்துச் சில்வர் பெயிண்ட் பூசிய ஸ்ட்ரக்சர் இரண்டு மழைக்காலத்தில் மூட்டுகளில் துருப்பிடிக்கும்.

எட்டடி உயர்த்திப் போட்டால் கீழே துணி காயப்போட, வற்றல் போட இடம் கிடைக்கும், மேல்மாடி அறையின் சூடும் குறையும். செலவு கூடும். துடைக்க ஏறுவது சிரமம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எட்டடியில் நடைபாதைப் பலகை இல்லாத அமைப்பை யாரும் துடைப்பதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில்?

வேண்டாம். ஏறி நின்றாலே உடையும்.

ஒயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆறு பேனல் தொடரில் 300 வோல்ட் வரை நேர் மின்சாரம் (டி.சி.) ஓடுகிறது. வீட்டு மின்சாரத்தைப்போல் இது விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு வருவதில்லை. இணைப்பு தளர்ந்து பொறி கிளம்பினால் அணையாது, உருகிக்கொண்டே போகும். தீ விபத்துகள் பெரும்பாலும் பேனல் கேபிள்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரில்தான் தொடங்குகின்றன. காரணம் இரண்டு. ஒன்று, கிரிம்பிங் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்குவது. மற்றொன்று, பேனலோடு வந்த ஒரு கம்பெனி கனெக்டரில் வேறு கம்பெனியின் ஜோடியைச் செருகுவது. பொருந்துவது போலத் தெரியும், உள்ளே தொடுபரப்பு சரியாக இராது. வேலை நடக்கும் நாளில் அருகே நின்று பாருங்கள்.

பேனலிலிருந்து வரும் கேபிள் 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளாக இருக்க வேண்டும். சாதாரண வீட்டு ஒயர் வெயிலில் இரண்டு வருடத்தில் வெடிக்கும். எர்த் குழி மூன்று: ஸ்ட்ரக்சரும் டி.சி. பக்கமும் ஒன்று, வீட்டு மின்சாரம் ஓடும் ஏ.சி. பக்கம் ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொன்றும் 5 ஓமுக்குக் கீழே அளந்து காட்டச் சொல்லுங்கள். இடிதாங்கிக் கம்பியை வீட்டின் பழைய எர்த்தில் சேர்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இடி இறங்கினால் ஃப்ரிட்ஜும் டி.வி.யும் சேர்ந்து போகும்.

இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் வெயிலில் மாட்டக் கூடாது. 45 டிகிரியைத் தாண்டினால் அது தானாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். மாடிப்படி அறையின் உட்சுவர் நல்ல இடம். உற்பத்தியைக் காட்டும் செயலியோடு பேச இன்வெர்ட்டரில் செருகும் வைஃபை டாங்கிள்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே எடுக்கும். ரவுட்டர் கீழ்த்தளத்தில் இருந்தால் சிக்னல் எட்டுகிறதா என்று முன்பே பாருங்கள்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

ஆன்கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் அமைப்பு ஓடாது. லைனில் மின்சாரம் இல்லையென்றால் இன்வெர்ட்டர் நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் அன்றைய உற்பத்தி போகும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே பேட்டரி யு.பி.எஸ். இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். சோலார் இன்வெர்ட்டரின் வெளியீட்டை மெயின் போர்டில்தான் சேர்க்க வேண்டும், யு.பி.எஸ். வெளியீட்டில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் யு.பி.எஸ். தரும் மின்சாரத்தை லைன் என்று நினைத்து சோலார் இன்வெர்ட்டர் அதற்குள் தள்ளும். யு.பி.எஸ். எரிந்துவிடும். ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டுமானால் போடலாம், ஆனால் அதற்காக மானியம் அதிகமாகாது. நாளுக்கு அரைமணி நேரத் தடைக்காக அவ்வளவு செலவு மதுரையில் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

விண்ணப்பம் எப்படி?

பி.எம். சூர்ய கர் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிவு செய்யுங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். தாத்தா பெயரிலேயே இணைப்பு ஓடுகிறது என்றால் முதல் வேலை பெயர் மாற்றம். தாமதத்துக்கு இதுவே பெரிய காரணம். பிறகு பதிவு பெற்ற விற்பனையாளரைத் தேர்ந்து, வேலை முடித்து, பேனல்களோடு படம் பதிவேற்றி, மீட்டருக்கு விண்ணப்பிப்பது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து இருவழி மீட்டர் மாட்டுவார்கள். அதன் பிறகுதான் மானியக் கோரிக்கை.

2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை லைனை வலுப்படுத்தும் செலவும் வாரியத்துடையது. பில்லில் நெட்வொர்க் கட்டணம் என்று தனி வரி வரலாம். அன்றைய விகிதத்தை அலுவலகத்தில் கேட்டு உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் வர நாளாகிறது. அதுவரை ஆன் செய்து ஓட்டலாமா?

கூடாது. பழைய மீட்டர் பல, வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். மிச்சம் பிடிக்கப் போய் கூடுதல் பில் வரும்.

செயலியில் 780 யூனிட் உற்பத்தி. மீட்டரில் ஏற்றுமதி 510-தான். மீதி எங்கே?

உங்கள் வீட்டிலேயே செலவானது. பகலில் ஓடும் ஃப்ரிட்ஜ், மோட்டார், ஏசி எல்லாம் முதலில் சோலாரை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சியது மட்டுமே மீட்டரைக் கடந்து போகும். பில்லைச் சரிபார்க்க வேண்டியது மீட்டரின் இறக்குமதி, ஏற்றுமதி ரீடிங் இரண்டையும் வைத்துத்தான். ரீடிங் எடுக்கும் நாளில் இரண்டு திரைகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதியைக் குறிக்காமல் போன பில்லைத் திருத்த அந்தப் படமே ஆதாரம்.

மதியம் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று வருகிறது. ஏன்?

பெரும்பாலும் வோல்டேஜ். தெருவில் பல வீட்டில் சோலார் இருந்து மதியம் யாரும் மின்சாரம் எடுக்காவிட்டால் லைன் வோல்டேஜ் ஏறும். 253-ஐ ஒட்டிப் போனால் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும். முதலில் இன்வெர்ட்டருக்கும் மீட்டருக்கும் இடையிலான கேபிள் மெலிதா, நியூட்ரல் தளர்வா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சரியென்றால் வோல்டேஜ் எண்ணோடு பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் சரிசெய்ய வேண்டியது அவர்கள் வேலை.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

மாசி முதல் ஆனி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மழைக்காலத்தில் மழையே பார்த்துக்கொள்ளும். பத்து டிகிரிச் சாய்வில் கீழ் விளிம்புச் சட்டத்தில் சேறு தங்கிக் கடைசி வரிசைச் செல்களை மறைக்கும். அந்த ஓரத்தை மட்டும் கவனமாகத் தேயுங்கள். புறா எச்சம் ஒரே செல்லை மூடினால் அந்த இடம் சூடேறிப் பழுப்பாகும், அதை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

காலை 8 மணிக்கு முன்போ, பொழுது சாய்ந்த பிறகோ துடையுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படலம் நிற்கும், ஆர்.ஓ. கழிவுநீர் அதைவிட மோசம். வைகைக் குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைநீரோ போதும். மென்மையான மாப், வெறும் தண்ணீர். சோப்புத்தூள் வேண்டாம். அழகர்கோயில் பக்கம் குரங்குத் தொல்லை உள்ள வீடுகளில் கேபிள் முழுவதையும் குழாய்க்குள் விட்டுவிடுங்கள். தொங்கும் கேபிளைக் கண்டால் ஊஞ்சல் ஆடாமல் போகாது.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

பேனலின் உற்பத்திக்கு 25 ஆண்டு உத்தரவாதம் வழக்கம், ஆண்டுக்கு அரை சதவீதம் அளவு தேயும். இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10 ஆண்டு. இடையில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்று அந்தப் பணத்தையும் கணக்கில் வையுங்கள். மானியத் திட்டத்தில் போட்டவர் 5 ஆண்டு பராமரிப்புக்குப் பொறுப்பு. பேனல்களின் வரிசை எண், இன்வெர்ட்டர் வரிசை எண், எர்த் அளவு, ஒயரிங் வரைபடம் நான்கையும் கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன் வாங்கிவிடுங்கள்.